அரிப்புக் கோட்டையின் மூலை ஏன் வெளியே நீண்டு நிற்கிறது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சில நாட்களுக்கு முன் தரம் 10 மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அரிப்புக்குப் போனோம். சிலாவத்துறையிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம்தான். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கோட்டைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இடிந்த சுவரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இந்த மூல மட்டும் ஏன் இப்படி வெளிய வந்து நிக்கிது? வீடு கட்டினா மூல நேராத்தானே வரும்?"

அன்று வெயிலில் நின்று பாதிப் பதில்தான் சொன்னோம். மீதியை இங்கே எழுதுகிறோம். அந்த மூலைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அது கொன்ஸ்தாந்திநோபிளில் தொடங்கி, வெனிஸ் நகரத்து அச்சகங்கள் வழியாக, எமது முத்துப் பார்களுக்கு வந்து சேர்கிறது. கடைசியில் எமது அலுமாரியில் இல்லாத காணி உறுதியிலும் வந்து முட்டுகிறது.

முதலில் பழைய காலத்துக் கோட்டை எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1344இல் இப்னு பதூதா இந்தக் கரைக்கு வந்தார். அவர் இறங்கிய பத்தாலா என்ற ஊர் எமது அயலிலுள்ள புத்தளம் என்றே பலரும் கொள்கிறார்கள். அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும், அவரிடமிருந்த முத்துக்களைப் பார்த்ததையும் எழுதிய அவர், அந்த ஊரைச் சுற்றி மர மதிலும் மரக் காவற்கோபுரங்களும் இருந்ததாகவும் குறித்திருக்கிறார். அம்பையும் ஈட்டியையும் தடுக்க அது போதும். ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் அதையே கல்லில் கட்டினார்கள். ஏணி வைத்து ஏற முடியாதபடி மதில் எவ்வளவு உயரமோ, கோட்டை அவ்வளவு பலம் என்பதுதான் கணக்கு.

பீரங்கி வந்ததும் அந்தக் கணக்குத் தலைகீழானது. 1453இல் உஸ்மானிய சுல்தான் முஹம்மத் அல்-பாதிஹ் கொன்ஸ்தாந்திநோபிளை முற்றுகையிட்டார். ஆயிரம் வருடங்கள் நகரத்தைக் காத்து நின்ற மதிலை அவருடைய பெரிய பீரங்கிகள் நாள்தோறும் தகர்த்தன. ஏப்ரல் 6இல் தொடங்கிய முற்றுகை மே 29இல் முடிந்தது. 1494இல் பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்ள்ஸ் இழுத்துச் செல்லக்கூடிய பீரங்கிகளோடு இத்தாலிக்குள் நுழைந்தபோது அங்கிருந்த கோட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. உயரமான மதில் பீரங்கிக்காரனுக்கு நல்ல குறியாகிவிட்டது. அடித்தால் மேலிருந்து சரியும், சரிந்த கல்லே அகழியை நிரப்பி எதிரிக்குப் படியாகும்.

இத்தாலியப் பொறியியலாளர்கள் இதற்கு மூன்று மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள்.

முதலாவது, மதிலைப் பதித்துக் கட்டுவது. அகழியைத் தோண்டி மதிலின் பெரும்பகுதியை அதற்குள் வைத்தால் தூரத்தில் நிற்பவனுக்கு மதிலின் விளிம்பு மட்டுமே தெரியும்.

இரண்டாவது, மதிலுக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி நிரப்புவது. கல் குண்டு பட்டால் உடையும், மண் குண்டை விழுங்கிவிடும். இதை எமது ஊராருக்கு விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் மண் அணையும் பங்கரும் பார்த்தவர்கள் நாம். 2008இல் வன்னியில் கிலோமீற்றர் கணக்கில் அகழி வெட்டி, வெட்டிய மண்ணையே அணையாகக் குவித்தார்களே, அதன் அடிப்படையும் இதுதான்.

மூன்றாவதுதான் மாணவன் கேட்ட மூலை. வீட்டு முற்றத்து மணலில் ஒரு சதுரம் கீறி, நாலு மூலையிலும் வட்டமான கோபுரம் போடுங்கள். கோபுரத்தின் உச்சியில் நிற்கும் காவலாளிக்குத் தூரத்தில் வருபவன் தெரிவான். ஆனால் கோபுரத்தின் அடியில், வளைவுக்கு முன்னால் ஒட்டி நிற்பவன் மேலே நிற்பவனுக்கும் தெரியமாட்டான், பக்கத்துக் கோபுரத்தில் நிற்பவனுக்கும் தெரியமாட்டான். அந்த மறைவிடத்தில் இருந்துகொண்டு எதிரி அடித்தளத்தைத் தோண்டி வெடிமருந்து வைப்பான். இப்போது வட்டத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அம்பு முனைபோல வெளியே நீளும் கூர்மையான கொத்தளத்தைக் கீறுங்கள். மறைவிடமே இல்லாமல் போகும். ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டில் நிற்பவன் பக்கத்து மதிலையும் அடுத்த கொத்தளத்தின் முகத்தையும் நீளத்துக்குச் சுடலாம். ஒருவர் முதுகை மற்றவர் பார்க்கும் ஏற்பாடு. ஒரு கொத்தளத்துக்கும் அடுத்ததுக்கும் இடையிலுள்ள தூரம்கூடத் துப்பாக்கிக் குண்டு எட்டும் தூரத்தை வைத்தே அளக்கப்பட்டது.

அரிப்பு போன்ற சிறிய இடத்தில் நாலு கொத்தளம் கட்டுவது வீண் செலவு. எதிரெதிர் மூலையில் இரண்டு இருந்தாலே ஒவ்வொன்றும் இரண்டு மதிலைப் பார்க்கும், நாலு மதிலும் காவலுக்குள் வந்துவிடும். அரிப்பில் இருப்பதும் இரண்டு கொத்தளம்தான். மன்னார்க் கோட்டையில் நாலு. பிள்ளைகளே, இது முழுக்க முழுக்கக் கேத்திரகணிதம். "இது படிச்சி என்ன சேர் பிரயோசனம்?" என்று கேட்கிறவர்கள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒருமுறை நின்று பாருங்கள்.

இந்த அறிவு எப்படிக் கடல் கடந்தது? கட்டிப் பழகிய மனிதர்களோடும் வந்தது, படம் போட்ட புத்தகங்களோடும் வந்தது. ஜெர்மன் ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1527இல் கோட்டை கட்டுவது பற்றி ஒரு நூலை அச்சிட்டார். 1554இல் வெனிஸ் நகரில் ஸான்கி என்பவரின் நூல் வந்தது. 1564இல் அதே வெனிஸில் ஜிரோலாமோ மாஜி, ஜாகொமோ காஸ்திரியோத்தோ ஆகிய இருவரின் பெரிய நூல் வந்தது. நகரங்களுக்கு அரண் அமைப்பது பற்றிய அந்த நூலில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட வரைபடங்கள் நிறைய உண்டு. சதுரக் கோட்டை, ஐங்கோணக் கோட்டை, மலைமேல் கட்டுவது, கடலோரத்தில் கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் படம். காஸ்திரியோத்தோ பிரான்ஸ் மன்னரிடம் வேலை செய்த பொறியியலாளர். நூல் அச்சாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாஜி படித்த அறிஞர்.

அந்த மாஜியின் முடிவை நாம் மறைக்கக் கூடாது. சைப்பிரஸ் தீவிலுள்ள பமகுஸ்தா நகரத்தை வெனிஸ்காரர்கள் காத்து நின்றபோது அவர் அங்கே இருந்தார். 1571இல் உஸ்மானியர் அந்த நகரத்தைப் பிடித்தார்கள். கைதியாகக் கொன்ஸ்தாந்திநோபிளுக்குக் கொண்டு போகப்பட்ட அவர், கையில் ஒரு புத்தகமும் இல்லாமல், ஞாபகத்தை மட்டும் வைத்துச் சிறையிலேயே இரண்டு நூல்கள் எழுதினார். 1572இல் அங்கேயே கொல்லப்பட்டார். எமது சமூகத்தவரின் ஆட்சியில் நடந்தது என்பதற்காக அநியாயம் நியாயமாகிவிடாது. எல்லாம் பறிபோன பிறகும் ஞாபகத்திலிருந்து எழுதிய அந்த மனிதரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவரிடம் திரும்பி வருவோம்.

மன்னார்க் கோட்டை கட்டப்பட்டது 1560இல். அதாவது மேலே சொன்ன இரண்டு வெனிஸ் நூல்களுக்கும் இடைப்பட்ட காலம். இத்தாலியில் புத்தகத்தின் மை காய்வதற்குள் அந்தக் கலை எமது கடலுக்கு வந்துவிட்டது.

காரணம் முத்து. 1538இல் மறுகரையில், இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள வேதாளையில், மரைக்காயர்களின் கடற்படையைப் போர்த்துக்கேயர் தோற்கடித்தார்கள். அதன் பிறகு முத்துக்குளித்துறைக் கரையில் அவர்களின் கை ஓங்கியது. 1560இல் கோவாவின் வைஸ்ரோய் கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா யாழ்ப்பாண அரசின்மேல் படையெடுத்தார். யாழ்ப்பாணத்தில் நிலைக்க முடியாமல் மன்னாருக்கு வந்து கோட்டையைக் கட்டி, மறுகரையிலிருந்து பரவர் சமூகத்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். முத்துப் பாரின் இரண்டு கரையும் ஒரே கைக்குள் வந்தது.

கட்டியதோடு விடவில்லை, எழுதியும் வைத்தார்கள். 1635இல் அந்தோனியோ பொக்காரோ, கிழக்கில் போர்த்துக்கேயருக்கு இருந்த கோட்டைகள், நகரங்கள் எல்லாவற்றையும் பற்றி ஒரு பெரிய நூலைத் தயாரித்தார். வண்ணப் படங்கள் பெத்ரோ பரேத்தோ த ரெசெந்தே என்பவருடையவை. மதில் எப்படி, பீரங்கி எத்தனை, காவலர் எத்தனை பேர், குடிகள் எத்தனை என்று கோட்டை கோட்டையாக விபரம் இருக்கும். மன்னாரும் அதில் இருக்கிறது. அந்தக் கையெழுத்து நூல் இன்றைக்கும் போர்த்துக்கலின் எவோரா நகர நூலகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 400 வருடத்துக்கு முந்திய மன்னாரின் படம் கெடாமல் அங்கே இருக்கிறது.

ஆனால் புத்தகமும் கொத்தளமும் மட்டும் கோட்டையைக் காப்பாற்றாது. 1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர் மன்னாரில் இறங்கினார்கள். சில நாட்களிலேயே கோட்டை அவர்கள் கைக்குப் போனது. அதே வருடம் யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தது. மதிலுக்குள் ஆள்பலமும் சாப்பாடும் மனத்தைரியமும் இருக்கும் வரைதான் மதில் மதிலாக இருக்கும்.

ஒல்லாந்தரிடமும் புத்தகம் இருந்தது. சைமன் ஸ்தேவின் என்ற கணித அறிஞர் 1594இல் கோட்டை கட்டும் கலை பற்றி ஒல்லாந்து மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் தசம எண்களைச் சாதாரண மக்களுக்குக் கொண்டுபோன சின்னப் புத்தகத்தை 1585இல் எழுதியவரும் இவர்தான். (அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சமர்கந்தில் அல்-காஷி தசம பின்னங்களை முறையாக எழுதிவிட்டார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.) 1600இல் லெய்டன் நகரில் பொறியியலாளர்களைப் பயிற்றும் பாடசாலை ஒன்று ஸ்தேவினின் பாடத்திட்டத்தோடு தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் எல்லாம் லத்தீனில் நடந்துகொண்டிருந்த காலத்தில், அங்கே பாடம் தாய்மொழியில் நடந்தது. கொத்தனும் தச்சனும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் காரணம். தமிழ் மொழி மூலம் படித்தால் முன்னேற முடியாது என்று நினைக்கும் பெற்றோர் இதை இன்னொரு முறை வாசியுங்கள். மன்னாருக்குக் கப்பலேறி வந்தவர்களின் கணக்கு தாய்மொழியில் படித்த கணக்கு.

ஒல்லாந்தரோடு வந்த பாதிரியார் பால்தேயஸ் 1672இல் இலங்கை பற்றி அச்சிட்ட நூலிலும் மன்னாரின் படம் இருக்கிறது. 1690களில் ஒல்லாந்தர் மன்னார்க் கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள். இன்று பாலத்தைத் தாண்டியதும் நாம் காண்பது பெரும்பாலும் அந்த வேலைதான்.

அரிப்புக் கோட்டையும் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் கைக்கு வந்ததுதான். முத்துக்குளிப்புக் காலத்தில் கரையைக் கண்காணிப்பதற்கு வைத்த சின்னக் காவலிடம். 1679 ஒக்டோபரில் அதன் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். தாடியும் மெலிந்த உடம்புமாக, அருவியாற்றங்கரை வழியே காட்டுக்குள்ளால் நடந்து வந்தவர்கள். ஒருவர் றொபேட் நொக்ஸ். மூதூர்ப் பக்கம் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் கைதியாக இருந்தவர். அவர் எழுதிய புத்தகம் 1681இல் லண்டனில் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. அவருடைய விடுதலை எமது அயலூர் வாசலில்தான் நடந்தது.

இங்கே ஒரு தவறையும் திருத்திக்கொள்வோம். அரிப்புக் கடலோரத்து மேட்டில் செங்கல் தூண்களோடு இடிந்து நிற்பதை "அல்லிராணி கோட்டை" என்கிறோம். அல்லி அரசியின் கதை எமது கரையின் பழைய கதை, அதை விட்டுவிடத் தேவையில்லை. ஆனால் அந்தக் கட்டடம் அவளுடையதும் அல்ல, கோட்டையும் அல்ல. முத்துக்குளிப்பைப் பார்வையிட வரும்போது தங்குவதற்காக ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அது. கொத்தளமும் இல்லை, அகழியும் இல்லை. கிரேக்கக் கோயில் தூணைப்போலத் தூண் வைத்துக் கட்டியதால் "டொரிக்" என்று பெயர். சுவருக்குப் பூசிய சாந்து சிப்பி ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பு. அதாவது எமது கடலின் சிப்பி. கடல் கரையை அரிக்க அரிக்க அந்த மாளிகை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருக்கிறது.

இனி எமது விடயத்துக்கு வருவோம்.

மேலே சொன்ன நூல்களில் மதிலின் அளவு இருக்கிறது, பீரங்கியின் எண்ணிக்கை இருக்கிறது. முருகைக்கல் உடைத்துச் சுமந்தவன் யார், சுண்ணாம்பு சுட்டவள் யார், மூச்சை அடக்கி முத்துப் பாரில் இறங்கியவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பது இல்லை. எமது ஊரின் பெயரிலேயே சிலாபம் இருக்கிறது. சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. ஒரு துறைக்கே பெயர் கொடுத்த தொழிலைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தப் படத்தின் ஓரத்திலும் எழுதப்படவில்லை. வரைந்தவன் தனக்கு வேண்டியதைத்தான் வரைவான். அதில் அவனைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் வரையவில்லை என்பதுதான் குறை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். எமது முசலி மக்கள் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். எமது வீட்டில் உம்மா ஒரு தகரப் பெட்டியில் காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் வைத்திருந்தார். பிள்ளைகளைத் தூக்குவதா பெட்டியைத் தூக்குவதா என்ற நிலையில் பெட்டி வீட்டிலேயே நின்றது. "ரெண்டு கிழமையில வருவோம்" என்று வாப்பா சொன்னார். திரும்பி வந்தபோது வாப்பா இல்லை. வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. காடு இருந்தது. எல்லை எது என்று கேட்டார்கள். ஒரு பாலை மரத்தையும் தூர்ந்த கிணற்றையும் காட்டினோம். மரத்தையும் கிணற்றையும் எந்தக் கோவையில் போடுவது?

இது எமது வீட்டுக் கதை மட்டும் அல்ல. இதை வாசிக்கும் அநேகருடைய கதையும் இதுதான். 1635இல் மன்னார்க் கோட்டை எப்படி இருந்தது என்று பார்க்கப் போர்த்துக்கலில் ஒரு படம் இருக்கிறது. 1990இல் எமது பள்ளிவாசலைச் சுற்றி எந்த வீடு எங்கே இருந்தது என்று பார்க்க எம்மிடம் ஒரு படமும் இல்லை. அதைவிட 355 வருடம் பழையது பத்திரமாக இருக்கிறது. எமது கண்முன் இருந்தது காணாமல் போய்விட்டது.

மாஜியை மனதில் வைத்திருக்கச் சொன்னோம் அல்லவா? சிறையில் புத்தகம் இல்லாமல் ஞாபகத்திலிருந்து எழுதினார். எமது மூத்தவர்களிடமும் அந்த ஞாபகம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு பகுதி மண்ணுக்குள் போகிறது.

ஆகவே ஒரு சின்ன வேலை செய்வோம். ஒவ்வொரு வீட்டிலும் வயதான ஒருவரை உட்கார வைத்து, ஒரு கொப்பித் தாளில் 1990இல் இருந்தபடி அவர்களுடைய காணியைக் கீறச் சொல்லுங்கள். கிணறு எங்கே, மரம் எங்கே, வடக்கே யார் வீடு, தெற்கே யார் வீடு, ஒழுங்கை எந்தப் பக்கம். சொல்பவர் பெயரையும் திகதியையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். போன் எடுத்துப் படம் பிடித்து, இரண்டு மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள். அயல்வீட்டார் கீறியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வீட்டின் படம் அடுத்த வீட்டின் எல்லைக்குச் சாட்சி சொல்லும். அந்தக் கொத்தளங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்பதுபோல. இது உறுதிக்குப் பதிலாகாது, அது எமக்கும் தெரியும். ஆனால் ஒன்றுமே இல்லாமல் கையை விரித்து நிற்பதைவிட மேல்.

மாணவர்கள் தம் பங்கைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த முறை அரிப்புக்குப் போகும்போது அளவு நாடாவும் கொப்பியும் கொண்டு போகிறோம். மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு சுவரையும் அளந்து, தமிழில் குறித்து, பாடசாலை நூலகத்தில் வைப்பதாக முடிவு. கேள்வி கேட்ட மாணவன்தான் படம் கீறுகிறான். கொத்தளத்தின் கோணத்தை அளக்க வகுப்புப் பாகைமானி போதாது, பெரிதாக ஒன்று செய்ய வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டான். பலகையும் ஆணியும் தரக்கூடிய தச்சு வேலைக்காரர் யாரும் இருந்தால் பாடசாலைக்கு வந்து சொல்லுங்கள்.

முத்துக்குளிப்பு, வாடிகள், பழைய ஒழுங்கைகள் பற்றி மூத்தவர்கள் சொன்ன கதை யாரிடமும் இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். இதில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம்.

எம்மைவிட்டுப் பிரிந்த மூத்தவர்களுக்கு அல்லாஹ் ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.